பாலத்துக்கு ஒரு பிடி

“ரயிலுதான் நின்னுகினு கீதே பெரீம்மா, அப்புறம் கேட்டை எதுக்கு மூடி வெச்சிகிறாங்க?”

ஐந்து வயது மரியம் இப்படிக் கேட்டபோது அவளுடைய தாய் அஜீசுன்னிசா ஜட்கா வண்டிக்குள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கு முன்னால் உப்புக்கிடங்கு கேட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில், நாற்பது பெட்டிகளோடு அசையாமல் நின்றது. பெட்டிகளுக்கு மேலாகப் பார்த்தால் பிரசவ ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். தங்கையின் தலையை மடியில் தாங்கியிருந்த ரஹீமுன்னிசா முந்தானையால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரயில் நகர இரண்டு மணி நேரமாயிற்று. அதற்குள் அஜீசுன்னிசாவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரி வேண்டாமல் போய்விட்டது.

அது யுத்த காலம். இறந்தவளுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் மரியத்தை அவள் தகப்பன் வாணியம்பாடிக்கு அழைத்துப் போனான். மறுநாள் ரஹீமுன்னிசா ஒரு மண்பானையைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். பிறகு சந்தில் இருந்த அறுபத்திரண்டு வீடுகளுக்கும் போய் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். காலையில் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வையுங்கள். வெள்ளிக்கிழமை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக.

ரேஷன் அரிசி, அதிலும் பாதி கல். ஆனாலும் கொடுத்தார்கள். வலை பின்னுகிறவர்கள், கரி மூட்டை சுமக்கிறவர்கள், தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்கள், கோவிலுக்கும் மாதாவுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். சேர்ந்த அரிசியை இட்லிக் கடைக்காரி வாங்கிக்கொள்வாள். அந்தப் பணத்தில் ஜட்கா கூலி, நல்லெண்ணெய், பழந்துணி, பிரசவ லேகியம். ஏழு வருஷத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் அந்தப் பானையின் தயவில் பிறந்தன. கேட்டு மட்டும் மாறவில்லை. சுதந்திரம் வந்தது, ரயில் அதே இடத்தில்தான் நின்றது.

பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அரிசி அளந்துகொண்டிருந்தவளைத் தேடி ஜெயவேல் வந்தான். துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற குமாஸ்தா. முப்பது வயது இருக்கும். ‘கேட்டு கடப்போர் சங்கம்’ என்று ஒன்று வைத்து, மேலிடத்துக்குப் பதினேழு மனு எழுதிப் போட்டவன். வரப்போகிற எலெக்‌ஷனில் நிற்கத்தான் இத்தனையும் என்று சிலர் சொன்னார்கள். அவன் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அவன் விவரித்த யோசனையைக் கேட்டு ரஹீமுன்னிசா அளப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு கட்டை வண்டிகள் மேல் சவுக்குக் கம்பங்களால் ஆள் உயரத்துக்கு இரண்டரை மடங்கு சாரம் கட்டுவது. ஒரு வண்டி கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நடுவில் ரயில் நிற்கும்போது, ஒரு முழுக் கட்டுமரத்தைத் தூக்கி இரண்டு சாரத்துக்கும் குறுக்கே வைப்பது. ஜனங்கள் ஏணியில் ஏறி, ரயிலுக்கு மேலே கட்டுமரத்தில் நடந்து, மறுபக்கம் இறங்குவார்கள். சித்திரை பத்தாம் தேதி டில்லியிலிருந்து ஒரு கமிட்டி துறைமுகம் பார்க்க வருகிறது.

“கமிட்டி வர்ற அன்னிக்கு ரயில அங்க நிக்க விடுவாங்களா?” என்று கேட்டாள்.

ஜெயவேல் சிரித்தான். “அத்தான் ஒன்பதாம் தேதி வெச்சிருக்கேன். பேப்பர்காரங்க மூணு பேரு வர்றேன்னு சொல்லிகிறாங்க. பத்தாம் தேதி காலையில அவங்க காப்பி குடிக்க சொல்லோ படம் கையில இருக்கும்.”

கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு இன்னும் நாற்பது ரூபாய் தேவைப்பட்டது. பானையின் பணம் நாற்பத்தாறு இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் கேட்டான். மேலே கட்டுகிற துணியில் அஜீசுன்னிசாவின் பெயரை எழுதலாமா? படிக்கிறவர்கள் மனசில் அது தைக்கும் என்றான்.

ரஹீமுன்னிசா அளக்கிற படியைக் கீழே வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடு என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஏழு நாளும் அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. தொழுகையில் உட்கார்ந்தாலும் அதே நினைவு. பாலம் என்று ஒன்று நிஜமாகவே வந்துவிட்டால் இந்தப் பானையே வேண்டாம். அதற்கு இந்தக் கூத்து உதவுமென்றால் கொடுக்காமலிருப்பது பாவமல்லவா? ஆனால் கொடுத்துவிட்டால், இந்த மாதம் ராஜாத்தி இருக்கிறாள்.

ராஜாத்தி கரி சுமக்கும் சுப்பராயனின் மனைவி. தலைப்பிள்ளை தங்கவில்லை. இப்போது ஒன்பதாவது மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்ட உடனே வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வலி வருகிற நேரத்தில் ரயில் நின்றால் என்ன செய்வது என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

முதலில் ரஹீமுன்னிசா காசிமேட்டுக் கரைக்குப் போய் அப்பாவுவைப் பார்த்தாள். கட்டுமரம் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. தம்முடைய சொந்த மரத்தையே காசு வாங்காமல் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அது ஒரு வாரம் கடலுக்குப் போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். நிஜமாகவே தாங்குமா என்று கேட்டாள்.

“கடலு எத்தினி தபா தூக்கிப் போட்டிருக்கும்மா. என் முடிச்சு ஒண்ணுகூட அவுந்ததில்ல. கடலே அவுக்காதத ரயிலா அவுக்கப் போவுது?” என்றார் அப்பாவு.

இது வெறும் கூத்தில்லை, இதில் பிறருக்காகப் பட்டினி கிடக்கத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவள் மனம் ஜெயவேல் பக்கம் சாய்ந்தது.

திரும்புகிற வழியில் ராஜாத்தியைப் பார்த்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ராஜாத்தி வயிற்றின் மேல் கை வைத்தபடி கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

“பாலம் ஒரு நாளிக்கி நிக்கும் அக்கா. இதுக்குள்ள கீறது காலண்டரு பாத்துகினா வெளிய வரும்? எங்க வூடு மட்டும் கேட்டுக்கு அந்தாண்ட இருந்திச்சுனா எனக்கு ஒரு பேஜாரும் இல்ல.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ரஹீமுன்னிசா அப்படியே நின்றுவிட்டாள். ஏழு வருஷம் ஜட்கா கூலி கொடுத்தோமே, இது ஏன் தோன்றாமல் போயிற்று? அன்று மாலை கேட்டு திறந்திருந்த நேரம் பார்த்து மறுபக்கம் போனாள். அங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற பிலோமி தனியாகக் குடியிருந்தாள். அவள் வீட்டு முன்னறை சும்மாதான் கிடந்தது. மாதம் ஆறு ரூபாய்க்கு, நிறைமாதக்காரிகள் வந்து தங்கிக்கொள்ள அறையைத் தருவதாகவும், ராத்திரியில் தானே கூட இருப்பதாகவும் பிலோமி ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெயவேல் வந்தான். சந்தின் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரஹீமுன்னிசா பணம் தர முடியாது என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. “நீங்க ஒருத்தியக் காப்பாத்தப் பாக்குறீங்க அக்கா. நான் எல்லாரையும் காப்பாத்தப் பாக்குறேன்.”

“இருக்கலாம் நைனா. அந்தக் கணக்கு எனக்குத் தெரியல. ஆனா இந்த அரிசியப் போட்டவங்க புள்ளத்தாச்சிக்குன்னு போட்டாங்க, பாலத்துக்குன்னு போடல. நம்பிக் குடுத்து வெச்ச அமானத்து இது. என்னுது இல்ல, எடுத்து உனக்குக் குடுக்க.”

பிறகு அவள் உள்ளே போய் இன்னொரு பானையை எடுத்து வந்து முதல் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். இது பாலத்துக்கு என்றாள். விருப்பமுள்ளவர்கள் ஒரு பிடி போடட்டும், போடாதவர்களை நான் ஏன் என்று கேட்கமாட்டேன், நீயும் கேட்கக் கூடாது. தங்கையின் பெயரைத் துணியில் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

முப்பத்தெட்டு வீடுகள் போட்டன. போடாத வீடுகளில் ஒன்று கேட்டு வீடு. கேட்கீப்பர் வேலப்பனின் மனைவி வரலட்சுமி, முதல் பானைக்கு எப்போதும்போல் நிறைந்த பிடியாகப் போட்டாள். இரண்டாவது பானையைப் பார்த்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அவருக்கு மெமோ குடுப்பாங்க அக்கா. நிறுத்துறது ஆரோ, திட்டு வாங்குறது இவரு. மூணு புள்ளைங்கள வெச்சிகினு, அவரு வேலை போறதுக்கு நானே அரிசி போடணுமா?”

ரஹீமுன்னிசா அவள் கையைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இரண்டாவது பானை அரிசி ஒன்பது ரூபாய்க்கு விலை போயிற்று. ஜெயவேல் அதை வாங்கிக்கொண்டான், நன்றி சொல்லவில்லை. மீதிக்குத் தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

சித்திரை ஆறாம் தேதி அப்பாவுவின் ஆட்கள் கேட்டுப் பக்கத்துத் திடலில் சாரங்களைக் கட்டி நிறுத்தினார்கள். ஏழாம் தேதி ராஜாத்தி, சுப்பராயன் தலையில் தகரப்பெட்டியோடு பின்னால் வர, நிதானமாக நடந்து ரயில் பாதையைத் தாண்டி பிலோமியின் வீட்டுக்குப் போனாள்.

ஒன்பதாம் தேதி காலை ஏழரைக்கு, வழக்கம் தவறாமல், சரக்கு ரயில் வந்து நின்றது. ஒரு வண்டியை முன்னமே மறுபக்கம் கொண்டுபோயிருந்தார்கள். அறுபது பேர் கயிறு பிடித்து ஏலேலோ போட்டுக் கட்டுமரத்தை மேலே ஏற்றினார்கள். கடலில் கிடக்கிற மரம் ரயிலுக்கு மேல் ஏறி வானத்தில் நின்றபோது, கேலி பேச வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். பேப்பர்காரர்கள் மூவரும் வந்திருந்தார்கள். ஜெயவேல் முதலில் ஏறினான். ‘எங்களுக்கும் வழி வேண்டும்’ என்று எழுதிய துணியை விரித்துப் பிடித்தான். அவன் பின்னால் ஆறு பேர் ஏறினார்கள்.

அவர்கள் நடுவில் இருந்தபோது இந்தப் பக்கத்துச் சாரம் முனகியது. ஒரு கம்பம் ஒரு சாண் கீழே வழுக்கியது. கட்டுமரம் சாய்ந்தது.

அப்பாவு ஓடிவந்து முடிச்சைத் தொட்டார். நகம்கூட நுழையக்கூடாத இடத்தில் அவருடைய விரல் முழுதாக நுழைந்தது. நாற்பது வருஷமாக அவர் கயிற்றைக் கடல் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கட்டுவார். ஊறிய கயிற்றால் கட்டிய மரம் நேரே கடலுக்குள் போகும், ஈரத்தில் முடிச்சு மேலும் மேலும் இறுகும். அதே பழக்கத்தில் சாரத்துக் கயிற்றையும் ஊறவைத்துக் கட்டிவிட்டார். இந்தச் சாரம் கடலுக்குப் போகாது என்பது கைக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் வெயில் கயிற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது.

“மேல கீறவங்க படுத்துக்கோங்க, அசையாதீங்க,” என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். “தண்ணி கொண்டாங்கம்மா. முடிச்சு காஞ்சி போச்சு. தண்ணி ஊத்தினாத்தான் பிடிக்கும்.”

ஆண்கள் கம்பங்களுக்குத் தோள் கொடுத்தார்கள். பெண்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். தெருக்குழாயில் விடியற்காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்தான் தண்ணீர் வரும். அன்றைக்குச் சமைக்கவும் குடிக்கவும் பிடித்து வைத்திருந்ததைத்தான் அவரவர் எடுத்து வந்தார்கள். ரஹீமுன்னிசா நின்ற இடத்திலிருந்து அவள் வீடு தூரம். பத்தடியில் கேட்டு வீடு. இதையெல்லாம் பார்க்க வேண்டாமென்று வரலட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். வாசலில் ஒரு குடம், விளிம்பு வரை தண்ணீர், மேலே தட்டு மூடியிருந்தது. ரஹீமுன்னிசா தட்டை எடுத்து வைத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அப்பாவு கை காட்டிய முடிச்சில் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தை அதே வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

கால் மணி நேரத்தில் கயிறு உப்பிப் பிடித்துக்கொண்டது. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்து இறங்கினார்கள். கடைசியாக ஜெயவேல். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று, அல்லாஹ் காப்பாற்றினான்.

மறுநாள் ஒரு பத்திரிகையில் மட்டும் படம் வந்தது. நான்காம் பக்கத்தில், தீப்பெட்டி அளவில். ஏழு பேர் கட்டுமரத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தார்கள். ‘ரயிலின் மேல் தோணி: மீனவர் வேடிக்கை’ என்று கீழே போட்டிருந்தது. டில்லிக் கமிட்டி வந்து போயிற்று. வேலப்பனுக்கு மெமோவும் ஒரு நாள் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. அவன் யாரையும் நொந்துகொள்ளவில்லை.

பதினோராம் தேதி காலை ராஜாத்திக்கு வலி கண்டது. பிலோமி கையோடு கூட்டிப் போனாள். டாக்டரம்மா பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். ஆண் குழந்தை, இரண்டு உயிரும் பத்திரம். அந்த நேரம் கேட்டு மூடியிருந்தது. இந்தப் பக்கம் தவித்துக்கொண்டு நின்ற சுப்பராயனுக்கு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தெரிந்த இடைவெளி வழியாக பிலோமிதான் கத்திச் சொன்னாள்.

அந்த வாரமே ஜெயவேல் நொண்டிக்கொண்டு ரஹீமுன்னிசாவைப் பார்க்க வந்தான். நீங்கள் கொடுக்காமலிருந்ததே நல்லதாயிற்று அக்கா என்றான். அவள் தலையை அசைத்து மறுத்தாள். “நீ வந்து கேக்காம இருந்தா அந்தப் பொண்ணு பேச்ச நான் நின்னு கேட்டிருக்க மாட்டேன். அந்த ரூமு உன்னாலயும்தான் வந்திச்சு. மனு போடறத மட்டும் விட்டுடாத.” அவன் விடவில்லை. இரும்புப் பாலம் ஆறு வருஷம் கழித்து வந்தது. அந்தத் தீப்பெட்டிப் படத்துக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது.

வெள்ளிக்கிழமை அரிசி வாங்கப் போனபோது வீட்டுக்கு வீடு ரஹீமுன்னிசாவைக் கொண்டாடினார்கள். அமானத்தைக் காப்பாற்றினாய், யாரையும் வற்புறுத்தாமல் நியாயம் சொன்னாய் என்றார்கள். கேட்டு வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் கண் அந்தக் குடத்தின் மேல் போயிற்று. வரலட்சுமி வழக்கம்போல் நிறைந்த பிடியாகப் போட்டாள். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு யாரோ தண்ணீரை எடுத்துப் போய்விட்டார்கள், சாயங்காலம் வரை பிள்ளைகளுக்கு வாய் நனைக்கக்கூட இல்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த ரஹீமுன்னிசா தட்டில் போட்ட சோற்றை மறுபடியும் மூடி வைத்தாள். ஒரு பிடி அரிசியைக்கூடப் பாலத்துக்குத் தரமாட்டேன் என்றவளிடமிருந்து, கேட்காமலே ஒரு குடம் தண்ணீரை வாங்கியாயிற்று. ஏழு உயிர் மேலே தொங்கியபோது வேறென்ன செய்ய என்று கேட்டுப் பார்த்தாள். அது உண்மைதான். ஆனாலும் தண்ணீர் வரலட்சுமியுடையது. போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவள், பரவாயில்லை அக்கா என்றுதான் சொல்லியாக வேண்டும். விருப்பமில்லாத ஒன்றை அவளிடமிருந்து இரண்டாம் முறையும் வாங்குவதாகிவிடும்.

மறுநாள் விடியலில் பஜர் தொழுகை முடிந்து அவள் குழாயடிக்குப் போனாள். வரிசையில் நின்று தன் குடத்தை நிறைத்துக்கொண்டு ரயில் பாதையோரமாக நடந்தாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. வேலப்பன் தூரத்தில், சிக்னல் விளக்கை அணைக்க முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தான். கேட்டு வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் குடம் காலியாக இருந்தது. அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டினாள். பிறகு, சத்தம் கேட்காமல் இருக்கத் தன் குடத்தைத் தாழப் பிடித்து, விளிம்பு வரை நிறைத்தாள். தட்டை எடுத்து மூடினாள். சிந்தியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, வெறுங்குடத்தோடு மறுபடியும் குழாயடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.